ஹந்தானையில் இருந்து நடக்க முதல்: தோட்டத்துப் பாதையில் யார் நடக்கலாம்?

பரீட்சை முடிந்து வருகிற லீவில் என்ன செய்யலாம் என்று கென்டீனில் தொடங்கிய பேச்சுத்தான் இது. பேராதனையில் படிக்கிறவர்களுக்கு ஹந்தானை மலை ஜன்னலைத் திறந்தாலே தெரியும். முதலாம் வருடத்தில் எல்லோரும் ஒருதரமாவது அதில் ஏறி, அட்டை கடி வாங்கி, போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கியிருப்போம். அந்த மலையில் இருந்துதான் பீக்கோ டிரெயில் தொடங்குது என்பது எங்களில் பாதிப் பேருக்கு மூன்றாம் வருடத்தில்தான் தெரிய வந்தது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். பீக்கோ டிரெயில் என்பது மத்திய மாகாணத்தையும் ஊவாவையும் சுற்றிவருகிற ஒரு நீண்ட நடைபாதை. 300 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. ஹந்தானை தேயிலை நூதனசாலைப் பக்கம் தொடங்கி, கலஹா, லூல்கந்துர, தவலந்தென்ன, பூண்டுலோயா, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, டயகம என்று ஏறி, ஹோர்ட்டன் சமவெளிக் காட்டைத் தொட்டு, அப்புத்தளை, எல்ல, தெமோதரை பக்கம் இறங்கி, உடப்புசல்லாவை, கந்தப்பளை வழியாக நுவரெலியாவில் முடியும். மொத்தம் 22 கட்டங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியும் அமெரிக்க உதவியும் கிடைத்துத்தான் அடையாளமிடப்பட்டது. புதிதாக வெட்டிய பாதை என்று அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. நூறு, நூற்றைம்பது வருடமாக இருக்கிற தோட்டத்துப் பாதைகளை ஒன்றோடொன்று தொடுத்ததுதான் இந்த டிரெயில். இந்தக் கடைசி விஷயத்தை மறந்துவிடாதீர்கள், இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

நாங்கள் ஐந்து பேர். ஒருத்தி நோர்வூட், ஒருவன் பூண்டுலோயா, ஒருவன் மன்னார், இரண்டு பேர் யாழ்ப்பாணம். கம்பஸில் எல்லோரையும் ஊர்ப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கம் இருப்பதால் இங்கேயும் அப்படியே எழுதுகிறோம்.

திட்டம் போடுவது என்றால் முதலில் மழை. இந்தப் பாதை மலைநாட்டின் இரண்டு பக்கத்தாலும் போவதால் இதில் ஒரு சிக்கல் உண்டு. மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத்தை நனைத்துக்கொண்டே இருக்கும். அதே நேரம் பண்டாரவளை, பதுளைப் பக்கம் காற்று வீசி வரண்டு கிடக்கும். ஊவாத் தேயிலைக்கு நல்ல வாசம் வருகிற மாதங்களும் அவைதான். வருடக் கடைசியில் வடகீழ் மழை வரும்போது நிலைமை மாறும். இரண்டு பக்கமும் ஓரளவு காய்ந்திருப்பது பெப்ரவரியும் மார்ச்சும். ஆகவே பெப்ரவரி என்று எழுதினோம். ஒரு நாளைக்குப் பதின்மூன்று, பதினான்கு கிலோமீற்றர். அட்டைக்கு சவர்க்காரமும் உப்பும். காலையில் ரொட்டியும் கட்டச்சம்பலும் கட்டிக்கொண்டு போகலாம். இரவில் தங்க எங்களிடம் காசு இல்லை, ஆகவே சொந்தக்காரர் வீடு இருக்கிற கட்டங்களைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டோம்.

சிவப்பு வட்டத்தில் நோர்வூட்டும் வந்தது. அங்கேதான் பிரச்சினை தொடங்கியது.

“நான் வரல்ல,” என்றாள் நோர்வூட். “நீங்க ஸ்டேஜ்ன்னு சொல்றது எங்கம்மா கூடய மாட்டிக்கிட்டு மலைக்குப் போற பாதை. அவங்க கொழுந்து எடுத்துக்கிட்டு நிக்கிறப்ப நான் பேக் போட்டுக்கிட்டு, தண்ணிப் போத்தல் தொங்க, அவங்கள பாத்துக் கைகாட்டிட்டு போகணுமா? எங்க லயத்துப் பிள்ளைங்க எங்கிட்டயே மிட்டாய் கேக்கும்.”

அன்று யாரும் சிரிக்கவில்லை. திட்டம் அப்படியே நின்றது. பிறகு அடுத்த மூன்று வாரம் நாங்கள் செய்தது நடக்கிற திட்டம் அல்ல, வாசிப்பு. அவள் கேட்டதற்குப் பதில் தேடித்தான் வாசித்தோம். இந்தப் பாதைகள் எதற்காக உண்டானவை, அதில் யார் சும்மா நடந்திருக்கிறார்கள், யாரால் முடியாமல் போனது என்பதுதான் எங்களுக்குத் தேவைப்பட்டது.

மூன்றாவது கட்டம் முடிகிற இடத்தின் பெயர் தவலந்தென்ன. தமிழில் தாவளம், சிங்களத்தில் தவலம: பொதி மாட்டுக் கூட்டம். உப்பும் கருவாடும் மேலே வரும், பாக்கும் நெல்லும் கீழே போகும். பொதிமாடுகள் தங்கி இளைப்பாறிய மேட்டுநிலம் என்பதுதான் அந்தப் பெயரில் இருக்கிறது. ஆகவே தோட்டம் வருவதற்கு முதலே இந்த மலைகளில் பாதை இருந்தது, ஆட்கள் நடந்தார்கள். வெள்ளைக்காரன் வந்துதான் எல்லாவற்றையும் திறந்துவிட்டான் என்கிற கதை அந்த ஒரு பெயரிலேயே அடிபட்டுப் போகிறது.

மாறியது பாதையின் சொந்தக்காரர். 1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டு நிலம், சேனை நிலம் எல்லாவற்றையும் அரசாங்கத்துக்கு உரியது என்று ஊகித்துக்கொள்ள வழி செய்தது. கிராமத்து மக்கள் விறகுக்கும் மாட்டுக்கும் போய்வந்த காடு விற்பனைக்கு வந்தது. 1848இல் இன்னொரு சட்டம்: வயது வந்த ஆண்கள் வருடத்துக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லையென்றால் மூன்று சிலிங் கட்ட வேண்டும். அந்த வருடம் மாத்தளையில் எழுந்த கிளர்ச்சிக்கு இந்த வீதி வரியும் ஒரு காரணம். யாருக்கான வீதி என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது. கோப்பி கீழே இறங்குவதற்கான வீதி.

காடு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பீக்கோ டிரெயிலை விளம்பரப்படுத்துகிறவர்கள் மேகக் காடு, மேகக் காடு என்று சொல்லுவார்கள். டயகமவில் இருந்து ஹோர்ட்டன் சமவெளிக்கு ஏறும்போது அந்தக் காடு உண்மையிலேயே வரும். மரமெல்லாம் பாசி பிடித்து, வளைந்து, குட்டையாக இருக்கும். அது அங்கே மிச்சமிருப்பதற்கு ஒரு காரணம் 1873இல் வந்த கட்டுப்பாடு. தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனையின் பேரில் 5000 அடிக்கு மேலுள்ள காட்டை வெட்டுவது தடுக்கப்பட்டது. அதற்குக் கீழே இருந்த பெருமளவு காடு அதற்குள் கோப்பியாகிவிட்டது. வெட்டியவர்களில் சிங்களக் கிராமத்தவர்கள் உண்டு, தமிழ்நாட்டில் இருந்து வந்தவர்களும் உண்டு. கோப்பியும் நிலைக்கவில்லை. 1869இல் இலைத் துரு நோய் தென்பட்டு அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பி போய்த் தேயிலை வந்தது.

இனி நடை.

“நீங்கள் 22 கட்டம் எண்டு பெரிசாச் சொல்லுறியள். எங்கட ஊரால போனவைக்கு ஆர் கட்டம் பிரிச்சுக் குடுத்தது?” என்று மன்னார் கேட்டான். அவன் சொன்னது வடக்கு வீதியை. திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களில் இருந்து கங்காணி கூட்டிக்கொண்டு வந்தவர்கள் முதலில் கடற்கரை வரை நடந்தார்கள். தோணியில் மன்னார்க் கரைக்கு வந்தார்கள். அங்கிருந்து வன்னிக் காட்டுக்குள்ளால், மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். ஏறத்தாழ 150 மைல். மாத்தளைக்குப் பிறகு தோட்டம் எங்கேயோ அவ்வளவு தூரம் இன்னும்.

கோப்பிக் காலத்தில் இது வாழ்நாளில் ஒரு தரம் நடக்கிற நடை அல்ல. பலருக்கு அது போக்குவரத்து. பழம் பறிக்கிற பருவத்துக்கு வந்து, முடிந்ததும் திரும்பி ஊருக்கு நடந்து, மறுபடி வந்தார்கள். எங்களில் யாழ்ப்பாணத்து இரண்டு பேருக்கும் இது புதுச் செய்தி. மலையகத்தவர் என்றால் ஒருதரம் கப்பலில் ஏறி வந்து இறங்கியவர்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம் என்று வெட்கத்தோடு ஒத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்து வரலாற்றுப் புத்தகத்தில் எவ்வளவு வாசித்தோம் என்று யோசித்துப் பார்த்தால் அவர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது.

நாங்கள் எங்களுடைய திட்டத் தாளை வைத்துக்கொண்டே அந்த நடையையும் போட்டுப் பார்த்தோம். மழைக்குப் பயந்து நாங்கள் பெப்ரவரியைத் தெரிவு செய்தோம். அவர்களுக்குத் தெரிவு இல்லை. கோப்பி பழுக்கும் காலத்துக்கு மலையில் நிற்க வேண்டும் என்றால், வன்னியை அதன் வரட்சி மாதங்களில் கடக்க வேண்டும். குளம் வற்றியிருக்கும். இருக்கிற கொஞ்சத் தண்ணியில்தான் முன்னால் போன கூட்டமும் குளித்து, குடித்து, கழுவியிருக்கும். வாந்திபேதி பாதை நெடுகப் பரவியதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. நாங்கள் தண்ணி சுத்திகரிக்கிற குளிகை வாங்குவதா வேண்டாமா என்று அரை மணித்தியாலம் விவாதித்திருந்தோம்.

எத்தனை பேர் செத்தார்கள்? 1840களில் மாத்திரம் 70,000 பேர், வந்தவர்களில் கால்வாசி, என்ற கணக்கு 1849இல் கொழும்புப் பத்திரிகையில் வந்தது. அதன் பிறகு மேடைப் பேச்சுகளில் அது திரும்பத் திரும்ப வருகிறது. அந்தக் கணக்குச் சரிதானா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே சண்டை இருக்கிறது. வந்தவர்களின் எண்ணிக்கையில் இருந்து திரும்பிப் போனவர்களைக் கழித்து, மிச்சம் இருப்பவர்களையும் கழித்து, மீதியைச் செத்தவர்கள் என்று எழுதினால், பதிவாகாமல் திரும்பிப் போனவனும் செத்தவன் ஆகிவிடுவான். எங்களுக்கு இந்தச் சண்டையில் படித்த விஷயம் ஒன்று: ஏற்றுமதியான கோப்பியின் அந்தர் கணக்கில் இப்படி யாரும் சண்டை போடவில்லை, ஏனென்றால் அது ஒழுங்காக எழுதப்பட்டது. நடந்த ஆளை எண்ண ஒருவரும் நிற்கவில்லை.

எண்ணியது ஒன்று உண்டு, கடன். ஊரில் கங்காணி கொடுத்த முற்பணம், வழியில் தின்ற அரிசி, தோணிக்கூலி, எல்லாம் ஆளின் பெயரில் ஏறும். அதாவது தோட்டத்துக்குள் காலடி வைக்க முதலே, நடந்து வந்ததற்காக அவன் கடன்காரன். எங்களுடைய நடைக்கும் ஒரு செலவுக் கணக்கு எழுதினோம், பஸ் காசு, சாப்பாடு, சவர்க்காரம் என்று. அதைப் பார்க்கவே பிறகு ஒரு மாதிரி இருந்தது.

வந்து சேர்ந்த பிறகு நடை முடிந்துவிடும் என்றில்லை, நடக்கிற உரிமை முடிந்துவிடும். இங்கேதான் நோர்வூட் கேட்டதற்கு நாங்கள் தேடிய பதில் கிடைக்கத் தொடங்கியது.

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, ஒப்பந்தத்தை மீறி அறிவித்தல் இல்லாமல் வேலையை விட்டுப் போவது குற்றம். சம்பளம் தராத துரைக்கும் தொழிலாளிக்கும் இடையிலான சிவில் வழக்கு அல்ல, சிறைக்குப் போகிற குற்றம். சரி, அறிவித்தல் கொடுத்துவிட்டே போகலாமா? அதற்குத்தான் துண்டு. இந்த ஆளுக்கு, அல்லது இந்தக் கங்காணியின் கூட்டத்துக்கு, இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் விடுவிப்பேன் என்று ஒரு தோட்டத்துத் துரை எழுதிக்கொடுக்கிற சின்னத் தாள். அந்தத் தாள் இல்லாமல் பக்கத்துத் தோட்டத்தில் வேலை கிடைக்காது. கடனை அடுத்த தோட்டம் கட்டும், கட்டிய கடன் மறுபடியும் அந்த ஆளின் தலையில்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த தகர வில்லையும் இந்த வகைதான். தோட்டத்தின் குறியும் இலக்கமும் அடித்த வில்லையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வந்தார்கள், எந்தத் தோட்டத்துக்குப் போய்ச் சேர வேண்டிய ஆள் என்று வாய் திறக்காமலே தெரியும். துண்டு முறையை 1921இல் சட்டத்தால் தடை செய்தார்கள். அதுவரை, இன்றைக்கு டிரெயிலில் ஒரு நாளில் நாலு தோட்டத்தைக் கடந்து போகிறோமே, அந்த நாலு எல்லையையும் ஒரு தொழிலாளி தன்பாட்டில் கடந்தால் அவனைப் பிடித்துத் திருப்பிக் கொண்டுவரலாம்.

உள்ளே இருப்பவர் வெளியே போக முடியாது போல, வெளியே இருப்பவர் உள்ளே வரவும் முடியாது. தோட்டம் தனியார் காணி, அனுமதி இல்லாமல் வந்தால் அத்துமீறல். தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து இலங்கைக்கு வந்த கோ. நடேசய்யர், தொழிலாளர்களின் நிலைமையைப் பார்ப்பதற்காகப் புடவை வியாபாரி வேடத்தில்தான் தோட்டங்களுக்குள் போனார் என்பது மலையகத்தில் பலருக்கும் தெரிந்த கதை. பத்திரிகை நடத்தியவர், பிறகு சட்டசபைக்கும் போனவர், 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தவர். அப்படிப்பட்ட ஆளும் லயத்துக்குப் போகிற பாதையில் கால் வைக்கத் துணி மூட்டையைத் தோளில் போட வேண்டியிருந்தது. அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் தொழிலாளர்களுக்காகப் பாட்டு எழுதிப் பாடினார். பாட்டுக்குத் துண்டு தேவைப்படவில்லை போலும்.

வேடம் போடாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் எங்கள் முதல் மூன்று கட்டத்துக்குள்ளேயே உதாரணம் இருக்கிறது. கலஹாவைத் தாண்டி லூல்கந்துர வருகிறதே, அந்த ஹேவாஹெட்டைப் பக்கத்தில்தான் முல்லோயா தோட்டம். 1940 ஜனவரியில் அங்கே வேலைநிறுத்தம். பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி செத்தார். அதை விசாரிக்க ஆணைக்குழு வைக்கிற அளவுக்கு விஷயம் பெரிதாகியது. மலையகத் தொழிற்சங்க மேடைகளில் முதல் தியாகி என்று சொல்வது இவரைத்தான்.

இப்போது லூல்கந்துரவைக் கூகுளில் தேடிப் பாருங்கள். ஜேம்ஸ் டெயிலர் வருவார். வரத்தான் வேண்டும், நாங்கள் மறுக்கவில்லை. ஸ்கொட்லாந்தில் இருந்து 1852இல் பதினாறு, பதினேழு வயதில் வந்தவர், 1867இல் 19 ஏக்கரில் தேயிலை வைத்தவர், தன் பங்களா விறாந்தையிலேயே இலையை உருட்டிப் பழகியவர். வாழ்க்கை முழுக்க அந்தத் தோட்டத்திலேயே இருந்து 1892இல் அங்கேயே செத்தார். அவர் உட்கார்ந்து மலையைப் பார்த்த கல் ஆசனம் இப்போதும் இருக்கிறது, டிரெயிலில் போகிறவர்கள் அதில் உட்கார்ந்து போட்டோ எடுக்கிறார்கள். நாங்களும் எடுப்போம்.

எங்களைப் பிடித்து நிறுத்தியது அவருடைய சாவு வீடு. பெரிய உடம்புக்காரர். பெட்டியைக் கண்டி மஹய்யாவ மயானத்துக்குக் கொண்டுபோக 24 பேர் தேவைப்பட்டார்கள், பன்னிரண்டு பன்னிரண்டு பேராக நாலு மைலுக்கு ஒருதரம் மாறி மாறிச் சுமந்தார்கள், பின்னால் தொழிலாளர்களும் கங்காணிமாரும் நடந்தார்கள் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். லூல்கந்துரவில் இருந்து கண்டி. யோசித்துப் பாருங்கள், பீக்கோ டிரெயிலின் முதல் இரண்டு கட்டமும் இணைக்கிற அதே இரண்டு முனைகள், மறுபக்கமாக, தோளில் பெட்டியோடு. நாலு மைலுக்கு ஒருதரம் என்று நினைவு வைத்திருக்கிறார்கள். அந்த 24 பேரில் ஒரு பெயரை நாங்கள் எங்கேயும் வாசிக்கவில்லை. துக்கத்தால் சுமந்தார்களா, பெயர் போட்டுக் கூப்பிட்டதால் சுமந்தார்களா, அன்றைக்குச் சம்பளம் விழுந்ததா? அவரை அவர்கள் மதித்திருக்கவும் கூடும். தோட்டத்துக்காரர்கள் எல்லாத் துரையையும் ஒரே தராசில் போட்டவர்கள் இல்லை என்று பூண்டுலோயா சொன்னான், அதுவும் சரிதான்.

பூண்டுலோயாவின் அம்மாயியிடம் போனில் கதைத்தோம். அவர் நாற்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். நாங்கள் தவலந்தென்னையில் இருந்து நடந்து வரலாம் என்று இருக்கிறோம் என்று பேரன் சொன்னதும் அவருடைய முதல் கேள்வி, “யாரு சம்பளம் குடுக்கிறா?” ஒருவரும் இல்லை, சும்மா நடக்கிறோம் என்றான். “சும்மாவா? பஸ்ஸுதான் ஓடுதே சாமி.”

பிறகு அவருக்கு விஷயம் பிடித்துவிட்டது. பாதை பாதையாகச் சொல்லத் தொடங்கினார். பெரட்டுக்களத்துக்குப் போகிற பாதை, கொழுந்து மடுவத்துக்குப் போகிற பாதை, ஸ்டோருக்கு இறங்குகிற பாதை, பிள்ளைக் காம்பராவில் பிள்ளையை விட்டுவிட்டு மலைக்கு ஓடுகிற குறுக்குப் பாதை, ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு போகிற பாதை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது, ஒரு நேரமும் இருந்தது. “தொரை பாதையில வந்தா கொடைய மடக்கிட்டு கான் பக்கம் எறங்கி நிக்கணும். அவரு போன பொறகுதான் ஏறணும். மழைன்னாலும் அப்பிடித்தான்.” சும்மா நடந்ததே இல்லையா என்று கேட்டோம். யோசித்துவிட்டு, தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் என்றார். தேர் பார்க்கப் பக்கத்துத் தோட்டத்துக்கு ராவோடு ராவாகப் பந்தம் பிடித்துக்கொண்டு போவார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் வேறு மாதிரி இருந்தது.

இந்த ஒரு போன் கோலில் கிடைத்தது, நாங்கள் வாசித்த பயணக் கட்டுரை ஒன்றிலும் இல்லை. ஒரே பாதைக்கு இரண்டு வரைபடம் இருக்கிறது. ஒன்றில் கட்டம் இலக்கம், உயரம், காட்சிமுனை. மற்றதில் பெரட்டு, மடுவம், காம்பரா. இரண்டாவது வரைபடம் அம்மாயி வயதுக்காரர்களின் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது.

நாங்கள் டிரெயிலுக்கு எதிரானவர்கள் இல்லை. தோட்டத்து இளம் பொடியன்மார் வழிகாட்டியாகப் போய் நாலு காசு பார்க்கிறார்கள், லயத்துக்குப் பக்கத்தில் பெண்கள் தேத்தண்ணிக் கடை போடுகிறார்கள் என்றால் நல்லது. கொழும்பில் வேலைக்குப் போய் மிஞ்சுவதைவிட அது மேல் என்று பூண்டுலோயா உறுதியாகச் சொல்கிறான். எங்களுக்கு இடிக்கிற விஷயம் வேறு. அந்தப் பாதை ஓரத்தில் இருநூறு வருடமாக இருக்கிறவர்களில் மிகப் பலருக்கு வீடு இருக்கிற நிலத்துக்கு இன்றைக்கும் உறுதி இல்லை. 1948இல் குடியுரிமையே இல்லாமல் போனது, 1964 ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியா எடுப்பது என்று தலை எண்ணிப் பிரித்தார்கள், மிச்சமிருந்த பிரச்சினையைத் தீர்க்கிற சட்டம் 2003இல்தான் வந்தது. போகிறவனுக்கு வரவேற்புப் பலகை இருக்கிறது, இருக்கிறவனுக்கு நிலத்துண்டு இல்லை. இதை டிரெயில் உண்டாக்கவில்லை. ஆனால் அதில் நடக்கிற எங்களுக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது.

மன்னார் கடைசி வரை ஒரு கட்சியிலேயே நின்றான்: மலையில் வேண்டாம், தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு நடப்போம். 2023இல் அப்படி ஒரு நடை நடந்தது. மலையகத் தமிழர் வந்து 200 வருடம் என்பதை நினைவுகூர்ந்து யூலை 28 தொடங்கி ஓகஸ்ட் 12 வரை பதினாறு நாள், தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை. அப்போது அவன் பள்ளிக்கூடத்தில். முருங்கன் பக்கம் ரோட்டோரம் நின்று பார்த்திருக்கிறான். “வயசு போன அம்மா ஒராள் செருப்பைக் கையில வச்சுக்கொண்டு நடந்தா. ஏனெண்டு கேக்கேல்ல, இப்ப கேட்டிருக்கலாம் எண்டு இருக்கு,” என்றான். அவனுக்கு மலை தெரியாது, வடக்கு வீதி தெரியும். நோர்வூட்டுக்கு மலை தெரியும், மன்னார் இதுவரை போனதே இல்லை.

வாக்கெடுப்பு வைக்கவில்லை. இரண்டும் என்று முடிவாகியது, இரண்டுமே துண்டு துண்டாக. இந்த லீவில் ஹந்தானை, கலஹா, லூல்கந்துர, தவலந்தென்ன, அதோடு பூண்டுலோயா வரை. ஐந்து நாளுக்குச் சாப்பாடு. அடுத்த லீவில் மன்னாரின் வீட்டில் தங்கி, மதவாச்சி வரைக்குமாவது. வன்னி வெயில் என்பதால் விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டு பத்து மணிக்கு முதல் நிறுத்த வேண்டும் என்று அவன் இப்போதே கட்டளை போட்டிருக்கிறான்.

நோர்வூட் வருகிறாள், சில நிபந்தனைகளோடு. மலையில் வேலை செய்கிறவர்களைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. லயத்துக்கு நடுவால் போகும்போது சத்தமாகப் பாட்டுப் போடக் கூடாது, காலைப் பெரட்டு நேரத்தில் பாதையை அடைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. யாரும் மிட்டாய் கொண்டுவரக் கூடாது. முல்லோயா போகிற வழியை லூல்கந்துரவில் விசாரித்து, ஒரு நாள் கூடினாலும் அங்கே போய் வர வேண்டும். தன்னுடைய ஊர்க் கட்டத்தை இப்போது நடக்க மாட்டாள். “அது அம்மா ரிடையர் ஆன பொறகு. அவங்களும் வருவாங்கன்னா,” என்றாள். அம்மாவிடம் கேட்டாயா என்றதற்கு இன்னும் பதில் இல்லை.

நாங்கள் ஒரு கொப்பி வாங்கியிருக்கிறோம். ஒவ்வொரு தோட்டத்திலும் பாதைக்கு அங்கே இருப்பவர்கள் வைத்திருக்கிற பெயரைக் கேட்டு எழுதுவதற்கு. முதல் பக்கத்தில் அம்மாயி சொன்ன ஐந்து பாதையும் எழுதியாயிற்று. நேற்று அவர் தானாகவே போன் எடுத்தார். தவலந்தென்னையில் இறங்கினதும் ஒரு கோல் கொடுக்க வேண்டுமாம். மேலே ஏறுகிற குறுக்குப் பாதை போன மழைக்கு ஒரு இடத்தில் உடைந்து கிடக்கிறதாம், ஸ்டோர்ப் பாதையாலேயே சுற்றி வரச் சொன்னார்.